மஞ்சள் பூசிய ஓடுகள்

"மேடம்... குளத்துல பொணம் மெதக்குது! ஓடியாங்க!"

போனில் அலறியவள் பொன்னி. கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருப்பவள்.

"போலீசுக்குப் போடாம எனக்கு எதுக்குங்க போட்டீங்க?"

"மனுஷன் இல்லீங்க மேடம்... ஆமைங்க!"

மதிவதனியின் கையிலிருந்த காபி தரையில் சிந்தியது.

ஆமைகளைக் காப்பாற்ற 'கவசம்' என்றொரு அறக்கட்டளை நடத்துகிறவள் அவள். செங்கம் பக்கத்துப் புதர்க்காட்டில் இருந்த நட்சத்திர ஆமைகளை எவனோ மூட்டை கட்டிவிட்டான். உயிரோடு மீட்க வேண்டும்... அதே காட்டில் விட வேண்டும்! கொஞ்ச நாளாக அவளுக்குச் சோறு, தூக்கம் எல்லாமே அந்த நினைப்புதான்.

ஸ்கூட்டர் பறந்தது.

குளம்.

மல்லாந்தும் கவிழ்ந்தும் மிதந்தன. கறுப்பு ஓடு, மஞ்சள் நட்சத்திரக் கோடு. ஓட்டின் பள்ளங்களில்...

மஞ்சள்! குங்குமம்!

"பலி குடுத்திருக்கானுங்களா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர் சக்திவேல்.



ஜீப்பிலிருந்து ஒருவனை இழுத்து இறக்கினார். சகாதேவன். ஆமை கடத்துகிறவன். நேற்று அவன் மாட்டினான், மூட்டை மாட்டவில்லை!

"ஏன்டா கொன்ன?"

"நானா? உயிரோட இருந்தாத்தான் சார் காசு! செத்ததை எவன் வாங்குவான்? கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேன்... எவனோ ஆட்டையப் போட்டுட்டான் சார்!"

அழுதான். நிஜமாகவே அழுதான், பாவி.

"திருடன்கிட்டயே திருட்டா! எந்த ரூம்டா?"

"ஆசிரமத்துப் பக்கம் சார்... அதோ வர்றாங்களே, அந்தம்மா கெஸ்ட் ஹவுஸ்தான்!"

பூத்தட்டோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள் சந்திரகலா. முகம் நிறைய சிரிப்பு.

"ரூம் கூட்டப் போனேன் சார். மூட்டை நகருது! பிரிச்சா, பெருமாளே ஆமையா வந்து நிக்கிறாரு. பாவம், வாயில்லா ஜீவன். மஞ்சள் குங்குமம் வெச்சு, ஆட்டோல கொண்டாந்து முந்தாநாள் இங்க விட்டுட்டேன்."

"தண்ணியிலயா?" மதிவதனியின் குரல் உடைந்தது.

"ஆமாங்க. விட்டதும் சர்ருனு உள்ள போயிடுச்சுங்க! ஒண்ணுகூட திரும்பிப் பாக்கல. தண்ணி மேல அவ்ளோ ஆசை!"

"ஐயோ... அதுங்க தரை ஆமைங்க! காலமெல்லாம் காட்டுல நடக்குற ஜாதி. நீந்தவே தெரியாது!"

சந்திரகலா அப்போதுதான் குளத்தைப் பார்த்தாள். தட்டு கீழே விழுந்தது.

"தெரியாதா?... அப்போ அது?"

குளத்துச் சுவரைக் காட்டினாள்.

போஸ்டர்! பெரிய எழுத்தில் 'ஆமைகளைக் காப்போம்!' கீழே படம். ஒரு குழந்தையின் கை ஓர் ஆமைக் குஞ்சை அலையில் விடுகிறது. மூலையில் 'கவசம், திருவண்ணாமலை'.

"அதைப் பாத்துத்தானே விட்டேன்!"

மதிவதனி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடல் ஆமைப் படம்ங்க அது," என்றாள் மெதுவாக. "சென்னை பீச்சுல எடுத்தது. அழகா இருக்கேன்னு போட்டேன்."

"எங்கெல்லாம் ஒட்டினீங்க?" என்றார் சக்திவேல்.

"கிரிவலப் பாதை முழுக்க. செங்கம் வரைக்கும்."

"இன்னைக்குப் பௌர்ணமி மேடம்! லட்சம் பேர் சுத்துவாங்க!"

"காட்டுல ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கும் சார்," என்றாள். அவள் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை அது. "அதுங்களையாவது..."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கவசம் ஆபீசுங்களா? செங்கத்துலேருந்து மாறன் பேசறேன். காட்டோரம் நட்சத்திரம் போட்ட ஆமை ஒண்ணு கெடச்சுதுங்க. தேடித் தேடிப் பாத்தோம், வேற இல்ல. போஸ்டர்ல போட்டிருக்கிற மாதிரியே ஏரில விட்டுட்டோம்! நல்லா ஆழத்துல!"

மதிவதனி வாய்விட்டு அழுதாள்.

சகாதேவன் தலையில் அடித்துக்கொண்டான். "என்கிட்டயே இருந்திருந்தா பொழைச்சிருக்கும் சார்!"

சக்திவேல் சுவருக்குப் போனார். போஸ்டரைச் சர்ரென்று கிழித்து மடித்தார்.

"குற்றவாளியைப் புடிக்க எத்தனையோ போஸ்டர் ஒட்டியிருக்கேன் மேடம்... போஸ்டரையே புடிச்சது இதான் ஃபர்ஸ்ட் டைம்!"