பில்யானாவின் கை

எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவின் படத்தை எங்கே பார்த்தாலும் அதில் ஐந்து பேர்தான் இருப்போம். "நீங்க அஞ்சு பேரும்..." என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாங்கள் ஆறு பேர். இன்றைக்கு நான் நாட்டுக்காக ஆடுகிறேன் என்றால் அதற்கு அந்த ஆறாவது ஆள்தான் காரணம். அவள் பெயர் பில்யானா.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரான தோப்ரிச்சிலிருந்து பக்கத்து நகரமான வார்னாவுக்குப் போட்டிக்குப் போயிருந்தோம். ஐந்து பேர் ஐந்து வளையங்களோடு ஆடும் ஆட்டம் அது. நம் வளையத்தை மேலே வீசிவிட்டு, தரையில் உருண்டு எழுந்து, இன்னொருத்தி வீசியதைப் பிடிக்க வேண்டும். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆட்டம் படுத்துவிடும். அதற்காகத்தான் பில்யானா மாற்று ஆளாக இருந்தாள்.

எங்களுக்கு அவரவர் இடம் மட்டும்தான் தெரியும். அவளுக்கு ஐந்து பேருடைய இடமும் தெரியும். ஒவ்வொரு போட்டிக்கும் எங்களைப் போலவே கொண்டை போட்டு, மினுமினுக்கும் ஆட்ட உடை அணிந்து, அதன்மேல் டிராக்சூட் மாட்டிக்கொண்டு வருவாள். அந்த டிராக்சூட்டை ஒருமுறைகூடக் கழற்றியதில்லை. நாங்கள்தான் கல்லுக்குண்டு மாதிரி இருந்தோமே, ஒரு தும்மல்கூட வராது.

அது மார்ச் மாதம். மார்ச் பிறந்தால் எங்கள் ஊரில் எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் ஏறிவிடும். அதற்கு மார்த்தெனிட்சா என்று பெயர். பூத்த மரத்தையோ, தெற்கிலிருந்து திரும்பி வரும் செங்கால் நாரையையோ பார்க்கும் வரை அதைக் கழற்றக் கூடாது. அந்த வருடம் குளிர் போவேனா என்று அடம்பிடித்தது. ஒரு மொட்டுகூட விரியவில்லை. நாரைகளும் வந்தபாடில்லை.

என் நூலைக் கட்டியவர் அம்மா. அவர் இத்தாலியில் வயதானவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். எனக்கு நூல் கட்டுவதற்காகவே மார்ச் முதல் தேதி வந்தவர், அன்று மாலையே திரும்ப பஸ் ஏறினார்.

"நாரையப் பாக்குற வரைக்கும் இது கையிலயே இருக்கணும். நாரை வந்துச்சுன்னா பின்னாடியே நானும் வந்துருவேன்" என்றார்.

நான் குளிக்கும்போதுகூட அந்தக் கையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

போட்டி அரங்கின் உள்வாசலில் ஒரு நடுவர் அம்மா நின்றிருந்தார். எங்கள் காது, கழுத்து, கை எல்லாவற்றையும் பார்த்தார்.

"நூலையெல்லாம் கழட்டிருங்க பிள்ளைங்களா. ஆடும்போது கையில எதுவும் இருக்கக் கூடாது. இருந்தா மார்க் குறைஞ்சிரும்."

மற்ற நால்வரும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றிப் பைக்குள் போட்டார்கள். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நெவேனா, நீயுந்தான்" என்றார் எங்கள் பயிற்சியாளர் ஸ்னெஜா டீச்சர்.

"முடியாது டீச்சர்."

"நூல்தானே கண்ணு. ஆடி முடிச்சதும் திரும்பக் கட்டிக்கலாம்."

"கழட்டினா எங்கம்மா வர மாட்டாங்க."

"அப்படின்னு எந்த நாரை வந்து சொல்லுச்சு?" என்றாள் இஸ்க்ரா. அவளுக்கு எப்போதுமே வாய் நீளம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். உள்ளே எங்களுக்கு முந்தைய குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது நாங்கள்தான்.

"சரி, உன்ன அழ வச்சு நான் ஆட விட மாட்டேன்" என்றார் கடைசியில். "பில்யானா, டிராக்சூட்டக் கழட்டு. இவ இடத்துல நீ ஆடு."

பில்யானாவின் முகம் விளக்கேற்றியது போல ஆனது. அவளுடைய அப்பாவும் பார்வையாளர் வரிசையில் இருந்தார். மகள் என்றைக்காவது ஆடுவாள் என்று போட்டிக்குப் போட்டி வந்து, எங்களுக்குக் கைதட்டிவிட்டுத் திரும்புகிற மனிதர் அவர். பில்யானா ஜிப்பைச் சர்ரென்று பாதிவரை இறக்கினாள். உள்ளே ஆட்ட உடை பளபளத்தது.

நான் வளையத்தை அவளிடம் நீட்டினேன். நீட்டினேனே தவிர விரல்கள் அதை விடவில்லை. எனக்கு நூலும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி எனக்குத் தெரியவில்லை.

பில்யானா வளையத்தை வாங்கிக்கொள்ளவில்லை. என் மணிக்கட்டையே பார்த்தாள்.

"உங்கம்மா என்னடி சொன்னாங்க? அப்படியே சொல்லு."

"நாரையப் பாக்குற வரைக்கும் கையிலயே இருக்கணும்னு சொன்னாங்க."

"யார் கையிலன்னு சொன்னாங்களா?"

நான் திருதிருவென விழித்தேன். "அதையெல்லாம் யாராவது சொல்லுவாங்களா?"

"சொல்லலதானே? அப்ப என் கையில இருக்கட்டும். நான் சும்மா உக்காந்துதானே இருக்கப் போறேன். என் கைய யாரு பாக்கப் போறா?"

"உன் கைக்கு வரணும்னா என் கைய விட்டுப் போகணுமேடி."

"போகாது. கையக் குடு."

கொண்டைக்குப் பூசும் ஜெல்லை எடுத்து என் மணிக்கட்டில் வழவழவென்று தடவினாள். தன் விரல் நுனிகளை என் விரல் நுனிகளோடு ஒட்டவைத்தாள். பிறகு இன்னொரு கையால் நூலை மெல்ல மெல்ல உருட்டினாள். அம்மா போட்ட முடிச்சு அவிழவே இல்லை. நூல் என் கட்டைவிரலைத் தாண்டும்போது வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். என் விரல்களிலிருந்து அவள் விரல்களுக்கு ஏறி, அவள் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. ஒரு நொடிகூட அது கை இல்லாமல் இருக்கவில்லை.

பில்யானா பாதி இறக்கிய ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

"போ. ரெண்டாவது தடவ வீசும்போது அவசரப்படாத. நீ எப்பவும் அங்கதான் அவசரப்படுவ."

அதற்குள் இஸ்க்ரா பையைத் துழாவித் தன் நூலை எடுத்துவந்தாள். "எனக்கும் ஒரு மாதிரியா இருக்குடி. இதையும் கட்டிக்கயேன்." மற்ற மூவரும் அவள் பின்னாலேயே நின்றார்கள். டீச்சர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சீக்கிரம் கட்டித் தொலைங்க" என்று மட்டும் சொன்னார். என் கன்னத்து மையை அவரே துடைத்துவிட்டார்.

அன்று நான் அவசரப்படவில்லை. எங்கள் வளையங்களில் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. சுழன்று திரும்பும்போதெல்லாம் ஓரத்துப் பெஞ்சில் பில்யானா தெரிந்தாள். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

எங்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அன்றைக்கு என் ஆட்டத்தைப் பார்த்துத்தான் பிறகு என்னைத் தலைநகர் சோஃபியாவுக்குப் பயிற்சிக்கு அழைத்தார்கள். அந்த நன்றியை நான் எந்தக் கடையில் வாங்கி அவளுக்குக் கொடுப்பேன்?

"நீயே ஆடியிருக்கலாமேடி" என்றேன், அவளைக் கட்டிக்கொண்டு.

"ஆசையாத்தான் இருந்துச்சு. பாதி ஜிப்ப இறக்கிட்டேனே" என்றாள் பில்யானா. "ஆனா நீ இங்க அழுதுட்டு நிக்கும்போது நான் அங்க போயி என்னத்த ஆடுறது? வளையம் கையிலயே நிக்காது."

அவளுடைய அப்பா படி இறங்கி வந்தார். நடந்ததை டீச்சர் சொன்னார். அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ உக்காந்த மாதிரி யாராலயும் உக்கார முடியாதும்மா" என்று சொல்லி அவள் முதுகில் தட்டினார். அவர் கண்கள் நனைந்திருந்தன.

அப்போது டீச்சரின் போன் அடித்தது. திரையில் அம்மா.

"நெவேனா, ஈஸ்டருக்கு லீவு குடுத்துட்டாங்கடி. நான் வரேன். நூல் பத்திரமா இருக்கா? கையக் காட்டு பாப்போம்."

நான் பில்யானாவின் கையை இழுத்துத் திரைக்கு முன்னால் நீட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, அவளுடையதோடு சேர்த்து ஆறு நூல்கள்.

அம்மா கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இது யார் கைடி?"

"நம்ம கைதாம்மா" என்றேன்.