கூடத்தில் விரித்த பாய்

காலை 6.40.

கீழ்வீட்டு வாசல் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கணக்கு டீச்சர் ஆறு மணிக்கெல்லாம் கதவைத் திறந்து அதை அணைத்துவிடுவார். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் அந்த நேரம் தவறியதில்லை. மோட்டார் போட இறங்கி வந்த மாடி வீட்டுத் தையல்காரம்மா விளக்கைப் பார்த்து நின்றார். கதவைத் தட்டினார். பதில் இல்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டீச்சர் கொடுத்திருந்த சாவியால் திறந்தார்.

கூடத்துத் தரையில் விரித்த பாயில் டீச்சர் மல்லாந்து கிடந்தார். இமைகள் பாதிக்கு மேல் தொங்கிப்போயிருந்தன. வாயோரம் எச்சில். மூச்சு இழை இழையாக வந்தது. காயமோ வீக்கமோ எங்கும் தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை டீச்சர் வாயருகே கொண்டுபோனார். தையல்காரம்மா அதைத் தட்டிவிட்டார். டீச்சரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். 6.50க்கு டீச்சரின் தம்பிக்கும் போன் செய்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

காலை 9.30. ஆஸ்பத்திரி.

இன்ஸ்பெக்டர் வந்தபோது டீச்சர் மூச்சு மெஷினில் இருந்தார். இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயது. தனியாக வாழும் பெண். குறைவாகப் பேசுவார்.

"கட்டுவிரியன் கடிச்ச மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். "அது கடிச்சா வலியே தெரியாது, தடம்கூட இருக்காது. விஷமுறிவு மருந்து ஆரம்பிச்சுட்டோம். ஆனா அவங்க தம்பி தூக்க மாத்திரைன்னு அடிச்சுச் சொல்றார். எதுன்னு உறுதியாத் தெரிஞ்சா எனக்கு நல்லது."

"தம்பி எப்ப வந்தார்?"

"எட்டு அஞ்சு இருக்கும்."

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"அக்காவைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ரெண்டு வாரம் ஆச்சு மேடம்."

"தூக்க மாத்திரை?"

"அந்த மாடி வீட்டம்மா கொடுத்திருக்கும். ராத்திரி பத்து மணி வரைக்கும் மெஷின் ஓட்டுது. அக்காவுக்கும் அதுக்கும் அதுல மனஸ்தாபம். ஒருத்தர் தண்ணி கொடுக்கப் போனா தட்டி விட்டுருக்கு. என் அக்கா தரையில படுக்கிற ஆளே இல்ல. கட்டில், கொசுவலை, எல்லாம் இருக்கு. இழுத்துப் போட்டிருக்கு மேடம்."

காலை 11.00. டீச்சர் வீடு.

படுக்கையறையில் கட்டில். கொசுவலை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கூடத்தில் பாய் அப்படியே கிடந்தது. தலையணை, கண்ணாடி, மூடி போட்ட தண்ணீர்ச் சொம்பு. கால்மாட்டில் போர்வை குவிந்திருந்தது.

கான்ஸ்டபிள் போர்வையை எடுக்கக் குனிந்தார்.

"கை வைக்காதீங்க."

"போர்வைதானே மேடம்?"

"டாக்டர் பாம்புன்னு சொல்லியிருக்கார். அது எங்க போச்சுன்னு யாராவது பார்த்தாங்களா? மெதுவாப் பின்னால வாங்க."

எல்லோரும் வெளியேறினார்கள். கதவை இழுத்துச் சாத்தினார்கள். கான்ஸ்டபிள் தடி தேடினார். இன்ஸ்பெக்டர் போனை எடுத்துப் பாம்பு மீட்பவரைக் கூப்பிட்டார்.

அவர் பேர் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. எப்போதும் தோளில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருப்பதால் பைப்காரர். நீண்ட கொக்கியால் போர்வையின் ஒரு முனையை மட்டும் தூக்கினார். உள்ளே பளபளக்கும் கறுப்பு உடம்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். குழாயின் வாயை அதன் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார். இருட்டைத் தேடி அது தானாகவே குழாய்க்குள் போய், மறுமுனையில் கட்டியிருந்த பைக்குள் இறங்கியது.

"கட்டுவிரியன். பகல்ல சுருண்டு கிடக்கும். கை வெச்சிருந்தா இன்னொரு ஆம்புலன்ஸ் வந்திருக்கும்" என்றார் பைப்காரர்.

இன்ஸ்பெக்டர் டாக்டருக்குச் சொன்னார். பிறகு வீட்டைச் சுற்றினார். ஜன்னல்களில் கம்பிவலை. கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை. சுவரோரம் ஒரு செங்கல்கூட குவிந்து கிடக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் தெருவில் பாம்பு தென்பட்டபோது பைப்காரர் சொன்னதையெல்லாம் டீச்சர் செய்திருந்தார். பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி மாடிப்படியில் ஒட்டியும் வைத்திருந்தார். கட்டாதே, கீறாதே, வாயில் எதுவும் ஊற்றாதே, அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. கரும்பலகைக் கையெழுத்து.

கூடத்தை ஒட்டிய குளியலறையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கும் வலை இருந்தது. நான்கு மூலையிலும் திருகாணிகள். இரண்டு துருப்பிடித்தவை, இரண்டு பளிச்சென்று புதியவை. புதியவற்றின் அருகே டைல் விரிசல் விட்டிருந்தது. கீழே தரையில் வெள்ளைத் தூள், மாவு மாதிரி உலர்ந்து கிடந்தது.

பைப்காரர் எட்டிப் பார்த்தார். "நான் ரெண்டு ஸ்க்ரூதான் போட்டேன். டைல் உடையும்னு மத்த ரெண்டையும் விட்டுட்டேன். டீச்சர் வேற ஆளை வெச்சுப் போட்டிருப்பாங்க."

மதியம் 1.15. மாடி.

தையல்காரம்மாவின் அறையில் ஒரு மெஷின், ஒரு நாற்காலி, ஒரு தட்டு.

"டீச்சர் தரையிலதான் கிடந்தாங்களா?"

"ஆமா மேடம். நான் தொட்டது ஒருக்களிச்சுப் படுக்க வைக்கத்தான்."

"உங்களுக்குள்ள மனஸ்தாபமா?"

தையல்காரம்மா நூல்கண்டை உருட்டினார். "சண்டையெல்லாம் இல்ல. போன வாரம் உடம்பு முடியாம எட்டு மணிக்கே மெஷினை நிறுத்திட்டேன். மறுநாள் 'என்னம்மா, நேத்து சீக்கிரமே நிறுத்திட்டே?'ன்னு கேட்டாங்க. குத்திக் காட்டுறாங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் முகம் கொடுத்துப் பேசல."

"நேத்து சாயந்திரம் யாராவது கீழ வந்தாங்களா?"

"தெரியாது மேடம். மூணுலேருந்து ஆறு வரைக்கும் துணி கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன்."

"மெஷினை ஓட்டுங்க. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க."

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கினார். படுக்கையறையில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கூடத்துப் பாயருகே வந்தார். கூரை வழியே மெஷின் ஓட்டம் மழை மாதிரி இறங்கியது. தலையணையை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தலை எண்ணெய் படிந்து மங்கிய வட்டம் ஒன்று இருந்தது. ஒரு ராத்திரியில் படிகிற கறை அல்ல அது. பல மாதக் கறை.

அவர் மேலே போய் "நிறுத்துங்க" என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

மாலை 4.00. ஆஸ்பத்திரி.

"பாம்பு கிடைச்சுடுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பி எழுந்தார். "அப்ப அந்தம்மாதான் கொண்டு வந்து விட்டிருக்கு. அதுகிட்ட சாவி இருக்கு. இல்லாட்டி எப்படி உள்ள வரும்? ஜன்னலெல்லாம் வலை. பாத்ரூம் ஓட்டைல வலை வெச்சு நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கு. எறும்புகூட நுழையாது."

"நாலா?"

"நாலுதான்."

"உங்களுக்கு ஆறு அம்பதுக்குப் போன் வந்தது. உங்க வீட்டுலேருந்து இங்க இருபது நிமிஷம். வந்தது எட்டு அஞ்சுக்கு. நடுவுல எங்க போனீங்க?"

தம்பி மாற்றிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றினார்.

"அந்த வலைக்கு ஆறு மாசமா ரெண்டு ஸ்க்ரூதான். மாட்டின ஆளே சொல்றார். மீதி ரெண்டும் இன்னிக்குக் காலைல ஏறினது. டைல் தூள் குளியலறைத் தரையில நனையாம கிடக்கு. நேத்தே போட்டிருந்தா உங்க அக்கா குளிச்ச தண்ணியில போயிருக்கும். பூட்டின வீட்டுல நாலு ஸ்க்ரூ இருக்குன்னு, ரெண்டு வாரமா வராத உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தம்பி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து தண்ணி போகல, வந்து பாருடான்னு கூப்பிட்டாங்க" என்றார். "மாசம் ஒரு தடவை ஏதாவது சொல்லிக் கூப்பிடுவாங்க. சும்மா கூப்பிடுறாங்கன்னு அலுப்புதான். நாலு மணிக்குப் போனேன். வலையைக் கழட்டி அடைப்பை எடுத்தேன். ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. 'மாட்டிட்டுப் போடா'ன்னாங்க. நாளைக்கு வரேன்னு கிளம்பிட்டேன். டீ போட்டு வெச்சிருந்தாங்க. அதையும் குடிக்கல."

"காலைல?"

"ஆம்புலன்ஸ் போனப்புறம் என் சாவியில திறந்தேன். வலை சுவத்துல சாய்ஞ்சிருந்தது. பழைய ரெண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். மனசு ஆறல. இன்னும் ரெண்டு போட்டேன்."

"பாம்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியும். ஆனா டாக்டர்கிட்ட மாத்திரைன்னு சொன்னீங்க. அந்தம்மாவைக் கைகாட்டினீங்க."

"பயந்துட்டேன்."

"அவங்க தண்ணியைத் தட்டி விட்டது உங்க அக்காவைக் காப்பாத்திச்சு. தொண்டை வேலை செய்யாதப்ப ஊத்தியிருந்தா மூச்சு அடைச்சிருக்கும். உங்க அக்காவை யாரும் தரைக்கு இழுக்கல. பல மாசமா அங்கதான் படுக்கிறாங்க. மெஷின் சத்தம் அங்கதான் கேக்குது. அது தொந்தரவில்ல. அவங்களுக்கு இருந்த துணை அது ஒண்ணுதான்."

தம்பி முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் சுவரோரம் நின்றார்.

ஆறாம் நாள், காலை 10.20.

மூச்சு மெஷின் குழாயைத் தொண்டையிலிருந்து எடுத்திருந்தார்கள். டீச்சரின் குரல் கரகரத்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நடந்ததை உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"சொல்ல வேண்டியதில்ல. கண்ணைத் திறக்க முடியல, விரலை அசைக்க முடியல. ஆனா காது கேட்டுது. மாத்திரைன்னு அவன் சொன்னது கேட்டுது. வாய் இருந்தும் இல்லைன்னு சொல்ல முடியல." டீச்சர் மூச்சு வாங்கினார். "அதுக்கப்புறம் வந்து உட்கார்ந்தான். அழுதான். தினமும் வந்தான். சின்ன வயசுக் கதையெல்லாம் பேசினான். அவனுக்குக் கல்யாணமான பிறகு என் பக்கத்துல இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்ல."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தபடி வைத்திருந்தார். "உங்க தம்பி மேல புகார் எழுதட்டுமா?"

டீச்சர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"எழுதுங்க. அந்தப் பொண்ணு மேல பழி போட்டதையும் விடாம எழுதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா, நாளைக்குப் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் அவனை இங்க வர விட்டுடுங்க."