முன்கை சொன்ன சாட்சி

மேற்கே செவ்வானம் இன்னும் முழுதாக அணைந்தபாடில்லை. அதற்குள் கீழ்வானில் முழுமதி எழுந்து, வெள்ளாற்றின் நீர்ப்பரப்பையும், தென்கரையில் ஓங்கி நின்ற முத்தூர்க் கோட்டையின் கருங்கல் மதில்களையும், வடகரையில் பாசறை இறங்கியிருந்த பகைவரின் கூடாரங்களையும் பாரபட்சமின்றி வெள்ளியால் முழுக்காட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட பொழுதில் ஆற்றங்கரையில் உலவும் காதலர்களைப் பற்றி எழுதத்தான் எமக்கும் ஆசை. ஆனால் வாசகர்களே, கோட்டை மண்டபத்தில் ஒரு வீரனின் சடலம் வெண்துகில் போர்த்திக் கிடக்கிறது. அவனுடைய தங்கை அதன் அருகே போகக்கூட மனமின்றிக் கண்களில் தீப்பொறி பறக்க நிற்கிறாள். நிலவை வர்ணிக்க இது நேரமன்று.

அவள் பெயர் ஆதித்தபிடாரி. முத்தூர் வேளிர் குலத்துக்கு வழிவழியாக எலும்பு முறிவு வைத்தியம் பார்த்துவந்த குடியில் பிறந்து, தந்தைக்குப்பின் அந்தப் பதவியை ஏற்றவள். அழகிலும் குறைவில்லை, கோபத்திலும் குறைவில்லை. அந்தப்புரப் பெண்டிர் அவள் முதுகுக்குப் பின்னால் 'அடங்காப்பிடாரி' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எவருக்கும் வந்ததில்லை.

இறந்தவன் அவள் அண்ணன் சாத்தன். கோட்டைப் பெருங்கதவிலிருந்த சிறு நுழைவாயிலான திட்டிவாசலைக் காத்தவன். அவனைக் கொன்றதாகச் சொல்லப்பட்டவன் மண்டபத்தின் நடுவே, வீங்கிய இடக்கையை வலக்கையால் தாங்கியபடி அமர்ந்திருந்தான். இளைஞன், முகம் வெளிறியிருந்தாலும் பார்வை தாழவில்லை.

"இந்த வடகரை ஒற்றன் மதிலேறி வந்து, சாத்தனை முதுகில் குறுவாளால் குத்தினான். தப்பியோடும்போது மதிலிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். தனியொருவனாகச் சென்று நானே பிடித்தேன். நாளை வெட்டப்போகும் கைக்கு இன்று கட்டு எதற்கு, அரசே?" என்றார் சேனாபதி விழுப்பரையர், பூண் கட்டிய தமது இரும்புத் தண்டைத் தரையில் ஊன்றியபடி. கோட்டையில் அத்தகைய தண்டு ஏந்தும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு.

அரியணையில் இருந்த காரிக்கண்ட வேள் தயங்கினார். படை முழுவதும் சேனாபதியின் கைக்குள் இருந்தது. அது அவருக்கும் தெரியும். ஆயினும் முன்னோர் வகுத்த மரபை மீற அவர் விரும்பவில்லை.

"வலியில் துடிப்பவன் சொல்லும் சொல் எம் மன்றத்தில் செல்லாது, சேனாபதி. முதலில் எலும்பைக் கட்டட்டும். பிறகு அவன் பேசட்டும். நங்கையே, உன் துயரம் நாம் அறிவோம். ஆனால் உன்னைத் தவிர..."

"கட்டுகிறேன், தேவரீர்" என்றாள் அவள். குரலில் இரக்கத்தின் வாடைகூட இல்லை.

அவள் மனத்தில் இருந்ததை மறைப்பானேன்? எலும்பை ஒரு விரற்கடை கோணலாக வைத்துக் கட்டிவிட்டால் போதும். உயிர் பிழைத்தாலும் அந்தக் கை இனி வாளைப் பிடிக்காது. யாருக்கும் தெரியவும் தெரியாது. அந்த எண்ணத்தோடுதான் அவள் அவன் முன்கையைப் பற்றினாள்.

விரல்கள் மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலேறின. சிறுவிரல் பக்கத்து எலும்பின் நடுவே வந்ததும் நின்றன. மறுபடி கீழிறங்கின, மறுபடி அதே இடத்தில் நின்றன. அவள் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் சிராய்ப்பு ஒன்றும் இல்லை. அவள் முகத்திலிருந்த சினம் மாறவில்லை. அது போகவேண்டிய திசைதான் மாறியது.

"பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்" என்றாள். சற்றுமுன் நினைத்திருந்ததற்கு நேர்மாறாக, கையை இழுத்து எலும்பின் முனைகளை நேராகப் பொருத்தினாள். உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்த பற்றிட்டு, துணி சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டி, கழுத்திலிருந்து தூளியில் தொங்கவிட்டாள். அவன் முனகவில்லை. "நன்றி, அம்மணி" என்று மட்டும் சொன்னான். அந்த நிலையிலும் அவன் கண்கள் அவள் முகத்தை விட்டு அகலவில்லை என்பதை நாம் கவனித்தோம். அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அரசே, இவர் மதிலிலிருந்து விழவில்லை" என்றாள் உரக்க. "விழுகிறவன் கையை ஊன்றுவான். உள்ளங்கை கிழியும், மணிக்கட்டு நொறுங்கும். இரண்டும் இங்கே இல்லை. தலைக்கு வந்த அடியைத் தடுக்க முன்கையை உயர்த்தினால்தான் இந்த எலும்பு மட்டும் நடுவே குறுக்காக முறியும். இவரை யாரோ தண்டால் அடித்திருக்கிறார்கள்."

விழுப்பரையர் சிரித்தார். "சாத்தன் அடித்திருப்பான். ஈட்டிக் காம்பு அவன் கையில்தானே இருந்தது?"

"இப்போது நான் பேசலாமல்லவா?" என்று கைதி எழுந்தான். "நான் கலிமூர்க்கன், வடகரை வேளின் மூத்த மகன். ஆயுதமின்றிச் சமாதானம் பேச வந்தேன். சாத்தன் திட்டிவாசலைத் திறந்து என்னை மரியாதையோடு உள்ளே விட்டார். போர் நின்றால் தம் அதிகாரமும் போய்விடும் என்று அஞ்சிய உங்கள் சேனாபதி என் தலைமேல் தண்டை ஓங்கினார். முதல் அடி என் கையில் விழுந்தது. அடுத்த அடிக்குக் குறுக்கே சாத்தன் பாய்ந்தார். சேனாபதி அவர் முதுகில் குறுவாளைப் பாய்ச்சியது அதன் பிறகே."

"பகைவன் மகன் பேச்சைக் கேட்டா படைத்தலைவனைச் சந்தேகிப்பது?" என்று விழுப்பரையர் கர்ஜித்தார்.

ஆதித்தபிடாரி எவர் அனுமதிக்கும் காத்திராமல் அண்ணனின் சடலத்தருகே சென்றாள். அதுவரை தொட அஞ்சிய அந்த உடலின் துகிலை விலக்கி, குளிர்ந்துபோன வலக்கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல்கள் மணிக்கட்டிலிருந்து மேலேறி, நடுவே வந்து நின்றன.

அதே எலும்பு. அதே இடம்.

"என் அண்ணனும் கையை உயர்த்தியிருக்கிறான், அரசே. அடித்தது ஈட்டிக் காம்பானால், தன் ஈட்டியால் தன்னையே அடித்துக்கொண்டானா? மதிலேறி வந்த ஒற்றன் முதுகில் குத்தினான் என்றாரே, முதுகில் குத்தப்பட்டவன் எந்த அடியைத் தடுத்தான்? இருவரையும் அடித்த தண்டு யார் கையில் இருக்கிறது? கேளுங்கள் அவரை."

விழுப்பரையர் தண்டை ஓங்கி ஊன்றி வேளை முறைத்தார். வேளோ நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, "காலையில் விசாரிப்போம், நங்கையே. முதலில் ஈமக்கடன் முடியட்டும்" என்று முணுமுணுத்தார். அந்தக் கோழைத்தனத்தைக் கேட்டு எமக்கே இரத்தம் கொதிக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"முடியாது" என்றாள் அவள். "இந்தக் கையை எரித்துவிட்டால் விசாரிக்க என்ன மிஞ்சும்? காவலர்களே, இங்கே வாருங்கள். உங்களோடு உண்டு, உங்களோடு உறங்கியவனின் கை இது. ஒவ்வொருவராகத் தொட்டுப் பாருங்கள். சேனாபதிக்குத் தீர்ப்பு வழங்கும்வரை என் அண்ணனுக்குச் சிதை மூட்ட விடமாட்டேன். இந்தக் கையை மடியிலிருந்து இறக்கவும் மாட்டேன். இது சத்தியம்."

வாயிற்காவலன் ஒருவன் முன்னால் வந்து மண்டியிட்டான். சாத்தனின் முன்கையைத் தடவினான். எழுந்தபோது அவன் அரியணையைப் பார்க்கவில்லை. ஈட்டியைச் சேனாபதியின் மார்புக்கு நேரே நீட்டினான். அவனுக்குப் பின்னால் அடுத்தவன் மண்டியிட்டான்.