பதில் சொல்லாத பேர்

வழிகாட்டி கஜேந்திரன் கூப்பிட்டது ஆறு பேரை. "ஐயா" என்ற பதில் ஏழு முறை வந்தது.

கொழும்பிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் ஆறு பேருமே அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு எண்ணத் தெரியும் என்றே அவன் நம்பவில்லை. கருங்கல் சுவரைத் தட்டிப் பார்த்து இது சிமெந்தா என்று கேட்ட கூட்டம் அது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, மேட்டில் நின்ற பழைய துரை பங்களாவின் நான்கு புகைபோக்கிகளையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. இவர்கள் அதற்கும் பல்லைக் காட்டிப் படம் எடுத்தார்கள்.

பயணிகளைவிட அவனுக்கு இளக்காரமானவர்கள் கீழே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள். பரம்பரை பரம்பரையாகத் துரைக்கு விறகு சுமந்தும் பங்களா வாசலைத் தாண்டத் துப்பில்லாதவர்கள் என்பான். தான் பெண் எடுத்ததும் அதே லயத்தில்தான் என்பதை மட்டும் எவரிடமும் மூச்சு விடமாட்டான். நேற்று வாங்கிய தொப்பி, முந்தாநாள் மனப்பாடம் செய்த வரலாறு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

தேக்குத் தரையையும் சீமை ஓடு பதித்த கணப்படுப்பையும் காட்டி முடித்ததும் பயணிகளைப் பெரட்டுக் களத்துக்கு இறக்கிக் கொண்டுவருவது அவன் வழக்கம். விடியற்காலையில் கங்காணி தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவது என்று பிரித்துவிட்ட இடம் அது. ஒவ்வொரு பயணிக்கும் ஒரு பழைய தொழிலாளியின் பேரைக் கொடுத்து, கங்காணி மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கால் இழுத்து இழுத்துக் கூப்பிடுவான். அவர்கள் "ஐயா" என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தப் பேர்கள் களத்தின் ஓரத்துக் கல்லில் வெட்டியிருந்தன. இருபது வருஷத்துக்கு முன் பெரட்டு முடிந்து மலையேறிய அரை மணி நேரத்தில் மண்சரிவில் புதைந்த பத்துப் பெண்களின் பேர்கள். பதினோராவதாகப் போயிருக்க வேண்டியவள் கலாராணி, இப்போது அவன் மனைவி. அன்றுதான் அவள் வேலைக்குப் பேர் பதிந்த முதல் நாள். காய்ச்சலில் லயத்திலேயே படுத்துவிட்டாள்.

"செத்தவங்க பேர பெரட்டுல கூப்பிடாதீங்க. வந்து நிப்பாங்க," என்று அவள் ஒருமுறை கெஞ்சினாள். "அன்னைக்கு என் பேரையும் கூப்பிட்டாங்க. நான் பதில் சொல்லல. அது இன்னும் அப்படியே நிக்குது."

லயத்துப் புத்தி எங்கே போகும் என்று அவன் சிரித்தான். ஆனாலும் அவள் என்றால் அவனுக்கு உயிர். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்ததை நினைத்து, குளிக்காமலே சாமி கும்பிட்ட நாள்கள் உண்டு.

ஏழாவது குரல் ட்ரைவர் ரிப்கானின் சேட்டையாக இருக்கும் என்று நினைத்தான். ரிப்கான் மேலே ரோட்டில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான். பயணிகளை வேனுக்குப் போகச் சொல்லிவிட்டு, லயத்துக் கழுதை எதுவோ விளையாடுகிறது, நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இவன் மட்டும் களத்தில் நின்றான். பனி இன்னும் தடித்தது. அப்போதுதான் வெட்டிய குழியின் வாசம் வந்தது. பின்னாலேயே கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் ஈரமான சாக்குப் படங்குகள் இடுப்பில் உரசுகிற சத்தம், ஒன்று, இரண்டு, பிறகு பல. யாரோ வரிசையில் இடம் பிடித்து நிற்பதுபோல இருந்தது.

பிறகு பேர் கூப்பிடும் குரல் கேட்டது. மூக்கால் இழுத்து இழுத்து, அதே எகத்தாளத்தோடு. அது அவனுடைய குரல்.

அவன் வாய் மூடித்தான் இருந்தது.

கல்லில் இருந்த வரிசைப்படியே அந்தக் குரல் கூப்பிட்டது. ஒவ்வொன்றுக்கும் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் "ஐயா" என்றாள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவது பேரில்தான் இந்த வரிசை எங்கே போய் முடியும் என்று அவனுக்கு உறைத்தது. போனை எடுத்தான். தொலைவில் ஹாலிஎல ஊரில், தங்கள் வீட்டிலிருந்து கலாராணி எடுத்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்லாத," என்றான். "வாயத் தெறக்காத, கலா."

"நீங்கதானே வாசல்ல நின்னு யார் யாரோ பேரெல்லாம் சொல்றீங்க?" என்றாள் அவள். "எப்ப வந்தீங்க?"

ஒன்பது.

"அது நானில்ல."

பத்து.

களம் அடங்கியது. அந்தக் குரல் மூச்சு இழுத்தது. கத்தி அதை அமுக்கிவிடப் பார்த்தான், தொண்டையில் சத்தமே இல்லை. அவனுடைய சத்தம் அங்கே இருந்தது.

"கலாராணீ."

போனுக்குள் கரண்டி கீழே விழுந்தது. பதினாறு வயதுக் குரல் ஒன்று, பணிவாக, அவசரமாக, தாமதமாக வந்ததற்குப் பயந்ததுபோல "ஐயா" என்றது.

போனில் ஒரு தடவை. களத்தில் ஒரு தடவை.

குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை. பனி ஒரு முழம் விலகியது. பத்து முதுகுகள். பத்துக் கூடைகள். கடைசியில் வீட்டு நைட்டியோடு ஒருத்தி, வெறுங்காலோடு.

அவள் மட்டும் திரும்பினாள். அவனைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தாள். வாய் நிறைய மண்.