ஓட ஓடச் சரியாயிரும்

புகை மேலே போகவில்லை. பவுல்பாண்டியனுக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். வண்டி மருமகன் வாங்கி வந்த பழைய பைக் என்பது அடுத்த காரணம். சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புறப்பட்டது, காற்றில் ஏறிக் கலைய வேண்டியது, அவருடைய மெக்கானிக் பட்டறைத் தரையில் இறங்கி, ஆயில் ஊறிய மண்ணோடு மண்ணாக ஊர்ந்து வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. கணுக்கால் ஜில்லென்றது. புகை என்றால் சுட வேண்டாமா?

"ஆஃப் பண்ணுங்க மாப்ள."

ஜெர்சோன் சாவியைத் திருப்பினான். என்ஜின் உடனே நிற்கவில்லை. இரண்டு முறை மூச்சு இழுத்து விட்டுத்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தறிக்கூடங்கள் ஓய்ந்து கிடந்ததால் சங்கரன்கோவிலே காதடைத்துப் போனது போல இருந்தது. ஆராதனை முடிந்து, மாமனார் வீட்டில் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திருவேங்கடம் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிய மகளும் மருமகனும், புகையைக் காட்டலாமே என்று பட்டறையில் நிறுத்தியிருந்தார்கள். மகள் ரெனிக்கு ஐந்தாம் மாதம். தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் வாடையை மீறிக்கொண்டு அந்த வாசம் வந்தது. அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன் ஜெர்சோன். 'மாப்ள' என்ற சொல்லைப் பவுல்பாண்டியன் ஒன்றரை வருஷமாகக் காறித் துப்புவதைப் போலத்தான் சொல்லி வருகிறார்.

"ஒரு வார்த்தை கேக்காம பழைய வண்டிய வாங்கிட்டு, இப்ப எங்கிட்ட நிக்கியளாக்கும்."

"கேட்டா மட்டும் சொல்லிருவியளா மாமா?"

ரெனி இருவரையும் முறைத்தாள். "இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா இருங்களேன். கோளாறு என்னன்னு பாருங்கப்பா, நேரமாவுது."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கறுப்பாக வந்தால் வண்டி பெட்ரோலை அளவுக்கு மேல் குடிக்கிறது, ஜெட்டைப் பார்க்க வேண்டும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் போயிற்று. வெள்ளை என்றால் தண்ணீர். முப்பது வருஷமாக இந்த மூன்று நிறத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. மழைக்காலத்தில் டேங்கில் தண்ணீர் இறங்குவது ஒன்றும் அதிசயமில்லை. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருந்த சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி, எப்போதும் செய்வது போல, வடிவதை உள்ளங்கையில் பிடித்து மூக்கருகே கொண்டு போனார்.

பெட்ரோல் வாடை இல்லை. தண்ணீர். வெறும் தண்ணீர்கூட இல்லை, லேசான பச்சை. பாசியும் அழுகின இலையும் இரும்பும் கலந்து, வெயிலே படாத ஆழத்தின் வாடை.

டேங்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுபடி ஸ்குரூவைத் திறந்தார். மறுபடி தண்ணீர், இந்த முறை இன்னும் சில்லென்று. அரைக் கை அளவுகூடக் கொள்ளாத கிண்ணம் அது. மூன்று முறை வடித்தாகிவிட்டது, தரையில் ஒரு குட்டையே தேங்கிவிட்டது, இன்னும் வடிந்தது. கடைசியில் விரலில் ஒரு பாசி இழை சுற்றிக்கொண்டது.

"எங்கன வாங்குனிய இத?"

"கோவில்பட்டியில, ஒருத்தர்கிட்ட. பெயின்டெல்லாம் புதுசுதான மாமா?"

பெயின்ட் புதுசு. டேங்கும் புதுசு. அவர் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே மிதவையைத் தாங்கும் தூணில் ஒன்று எப்போதோ உடைந்திருந்தது; உடைந்த இடத்தில் செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முனையை உள்பக்கமாக மடக்கி விட்டிருந்தது. அப்படி மடக்குகிற ஆள் இந்த வட்டாரத்தில் ஒருவர்தான். பவுல்பாண்டியனுக்குத் தன் கைவேலை தெரியாதா?

எந்த வண்டிக்குச் சுற்றினார் என்பதும் நினைவுக்கு வந்தது.

இளையரசனேந்தல் பக்கத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி மகாராஜன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஐப்பசியில் வந்திருந்தார். "அண்ணாச்சி, ஆக்சிலேட்டரத் திருகினா மேலேயே நின்னுக்கிடுது, எறங்க மாட்டேங்கு." பவுல்பாண்டியன் கழற்றிப் பார்த்தார். திருகினால் கார்பரேட்டருக்குள் ஏறி, விட்டால் இறங்க வேண்டிய ஸ்லைடு தேய்ந்து வரி விழுந்திருந்தது. புதுசு போடாமல் அந்த வண்டியை ரோட்டில் விடவே கூடாது. ஆனால் அன்று காலையில்தான் ரெனி ஜெர்சோனைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தாள். பவுல்பாண்டியனுக்கு உலகத்தின் மேலேயே எரிச்சல். உப்புத்தாளை வைத்து நாலு தேய்ப்புத் தேய்த்துக் கையில் கொடுத்தார். "இன்னும் லேசா பிடிக்கே அண்ணாச்சி" என்ற மனுஷனிடம், "ஓட ஓடச் சரியாயிரும், போங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்.

கரிசல் பாதையின் வளைவில் வண்டி வளையவில்லை. நேரே போய்ச் சுவரில்லாத கிணற்றில் இறங்கிவிட்டது. ஆளும் வண்டியும் மேலே வர இரண்டு நாள் ஆனது. துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் மகாராஜனின் மனைவி பூமாரி கேட்டாள், "வண்டியில ஏதும் கோளாறா அண்ணாச்சி?" இவர் கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னார்: "வண்டியில ஒரு குத்தமும் இல்ல தாயி. அவருதான் வேகமா வந்திருப்பாரு." குடித்துவிட்டுப் போய் விழுந்தான் என்று ஊர் முடிவு கட்டியது. பூமாரி அந்தப் பேச்சையும் சேர்த்துச் சுமந்தாள்.

ஸ்லைடை விரலால் மேலே தள்ளினார். ஏறியது. விட்டார். அங்கேயே நின்றது.

"மாப்ள, வண்டி இங்கனயே கெடக்கட்டும். பஸ்ல போங்க."

"என்ன கோளாறு மாமா?"

சொல்லிவிடலாம். நாலே வார்த்தை. ஆனால் மகள் முன்னால், இந்தப் பயல் முன்னால், ஊர் முன்னால், பூமாரி முன்னால். கையைச் சாக்கில் துடைத்தார்.

"ஸ்பேர் வரணும். ஒண்ணுக்கும் ஒதவாத வண்டி."

"நான் வாங்குன வண்டில்லா, ஒதவாதுதான்," ஜெர்சோன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் இரண்டு வருஷத்துக் கசப்பும் இருந்தது. "வா ரெனி, பஸ் இருக்கான்னு பாப்போம். இந்த ஆளுட்ட நின்னு பேச முடியாது."

ரெனி எழுந்து போகிற போக்கில் அப்பாவைப் பார்த்த பார்வையில் பாசம் மருந்துக்கும் இல்லை. "ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதாப்பா?"

அவர்கள் ரோட்டுக்குப் போனதும் அவர் அவசரமாக மிச்சத்தையும் அவிழ்த்தார். கேபிளை உருவினார். ஸ்பிரிங்கை எடுத்து மேசைமேல் எறிந்தார். பெட்ரோல் டியூபின் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்தார். கார்பரேட்டர் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. என்ஜினில் அது இருந்த இடம் பொக்கை வாயாகத் திறந்து கிடந்தது. இனி இந்த வண்டியை எவனாலும் ஓட்ட முடியாது. கர்த்தாவே, அது போதும். கார்பரேட்டரைச் சாக்குத்துணியில் சுற்றிக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் முள்ளுக்குள் வீசிவிடப் போனார்.

பின்பக்கம் வெளிச்சம் மங்கியிருந்தது. சாக்கு ஈரமாகி, முழங்கை வழியே சொட்டியது. வீசக் கையை ஓங்கினார்.

கிக்கர் மிதிபடும் சத்தம்.

ஒன்று.

பவுல்பாண்டியன் திரும்பினார். பஸ் இல்லை போலும். சும்மா மிதித்துப் பார்க்கிறான். மிதிக்கட்டும். எப்படி ஓடும்?

இரண்டு.

மூன்றாவது மிதியில் என்ஜின் பிடித்தது.

அவர் ஓடினார். பட்டறை முழுக்க வெள்ளை. இடுப்பு வரை வெள்ளை. குளிர். கிணற்று வாடை மூச்சை அடைத்தது. அந்தப் புகைக்குள் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன, ஒன்றில் பிச்சிப்பூ.

"நீங்கதான் ஒதவாதுன்னிய!" ஜெர்சோனின் குரலில் வெற்றி. "மூணே மிதியில பிடிச்சிட்டு பாருங்க!"

"எறங்குலே! ஏட்டி ரெனி, எறங்கு! அதுல கார்பரேட்டரே இல்ல! எங் கையில இருக்குடீ!"

என்ஜின் இன்னும் ஏறியது. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மகாராஜன் வண்டி அது! குத்தம் என்னுது! நான்தான் பொய் சொன்னேன்!"

சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, தொண்டை கிழிய. யாருக்கும் கேட்கவில்லை.

"என்னது?" ஜெர்சோன் காதருகே கையை வைத்துக் காட்டினான். "ஆக்சிலேட்டர் மட்டும் மேலேயே நிக்கு மாமா! பரவால்ல, ஓட ஓடச் சரியாயிரும்!"

அந்த வார்த்தை. அதே வார்த்தை. இவனுக்கு யார் சொன்னது?

வண்டி பாய்ந்தது. அவர் பிடிக்கப் போன கையில் ரெனியின் முந்தானை ஒரு கணம் பட்டு நழுவியது.

அவர் ரோட்டுக்கு ஓடி வந்தபோது சிவப்பு விளக்கு திருவேங்கடம் ரோட்டில் ஒரு பொட்டாகியிருந்தது. சத்தம் குறையவில்லை. ஏறிக்கொண்டே போனது. வளைவு வரும். வளைவில் ஆக்சிலேட்டர் இறங்க வேண்டும்.

சாக்கு நழுவி விழுந்தது. கையிலிருந்த கார்பரேட்டரில் கேபிள் இல்லை, ஸ்பிரிங் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு தானாக மேலே ஏறியது.

பெருவிரலால் அழுத்தினார். இறங்கவில்லை. இரண்டு விரலால் அழுத்தினார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. இறங்கவில்லை.

"கர்த்தாவே, எறங்கட்டும். எறங்கட்டும்..."

தூரத்தில் சத்தம் சட்டென்று நின்றது.

அதற்கப்புறம்தான் ஸ்லைடு மெதுவாக, எண்ணெய் போட்டது போல, கீழே இறங்கியது. கார்பரேட்டரின் வாய் வழியே தண்ணீர் கொப்பளித்து அவர் உள்ளங்கையில் நிறைந்தது. பச்சைத் தண்ணீர். அதில் ஒரு பிச்சிப்பூ மிதந்து வந்தது. வாடியிருக்கவில்லை. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் நாரோடு ஒரு சரம்.