மட்டத்துக்கு மேலே

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயந்தினி செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனபோது, விளக்குக் கம்பு ஒரு சாண் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல்நாள் மாலைதான் அவள் கணவன் திலக்ஷன் ஸ்டூல் போட்டு ஏறிச் சங்கிலியை இரண்டு கண்ணி தூக்கி மாட்டியிருந்தான். செடி வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும் என்று போன் வீடியோவில் கேட்டதையெல்லாம் அவளுக்குப் பாடமே எடுத்தான். நோர்வூட் டவுனில் சரிபுதீன் நானாவின் மின்சாமான் கடையில் வேலை பார்ப்பவன் அவன். கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைத்துவிட்டால் பிறகு யார் பேச்சும் காதில் ஏறாது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் பின்காம்பரா அறையில் மத்தியானமே பனி இறங்கி இருட்டிவிடுகிறது, ஒரு செடிகூடப் பிழைக்கவில்லை என்று அவள் புலம்பப்போய், பழைய பலகைகளில் படிப்படியாக மூன்று தட்டு அடித்து, மேலே ஊதா வெளிச்சம் தரும் எல்.ஈ.டி பட்டிகளைத் தொங்கவிட்டான். பட்டிகளை ஒட்ட நேரான கம்பு ஒன்று வேண்டியிருந்தது. பூட்டிக்கிடந்த பக்கத்துக் காம்பராவின் கூரைச் சந்திலிருந்து அதை இழுத்துக்கொண்டு வந்தான். கறுத்து, கை பட்டுப் பட்டு வழுவழுத்துப்போன நீளக் கம்பு.

கம்பு இறங்கியது மட்டுமில்லை. பிகோனியா, கோலியஸ், மணி பிளான்ட் எல்லாவற்றின் நுனியும் போயிருந்தது. மகள் நிலக்ஷியின் வேலையென்றால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேல்தட்டு எட்டாது.

பக்கத்து லயத்து மீனம்மா தேங்காய் துருவி வாங்க வந்தவள், தட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். இருபது வருசமாகக் கொழுந்து பறிக்கிறவள்.

"யாரு எடுத்தது? ரெண்டு எலையும் ஒரு மொட்டும், கணக்கா. ஒரு காம்புகூடக் கிழியல. நல்லாக் கை பழகுன ஆளு ஜெயா."

"எங்க வீட்டுல யாருக்கா பழகுன ஆளு? நான் கொழுந்து மலையில கால வச்சதே இல்ல."

மீனம்மா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"மட்டக்கம்பா இது? இதப் போயா செடிக்கு மேல கட்டுனீங்க?"

தேயிலைச் செடியின் மேல் அந்தக் கம்பைப் படுக்கவைத்துத்தான் மட்டம் பார்ப்பார்கள். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் பறிபடும். ஏழு நாளைக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்பி வருவார்கள்.

"அடுத்த ஞாயிறும் வரும்," என்றாள் மீனம்மா.

"என்னாக்கா வரும்?"

மீனம்மா கம்பைப் பார்த்தபடியே பின்வாங்கினாள். துருவியையும் வாங்காமல் போய்விட்டாள். திலக்ஷனிடம் சொன்னதற்கு, "கம்புக்கு என்ன கண்ணா இருக்கு?" என்று கேலி பண்ணி, இன்னும் மூன்று கண்ணி உயர்த்தி, கம்பியாலும் முறுக்கிக் கட்டினான்.

மறு ஞாயிறு சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது பின்காம்பராவிலிருந்து சத்தம் வந்தது. நறுக். நறுக். அவசரமில்லாத சத்தம். கூடவே பச்சை இலை கசங்கும் வாசமும், அதற்கடியில் கொஞ்சம் இரும்பு வாசமும். அவள் கதவைத் திறந்தபோது சத்தம் நின்றிருந்தது. முறுக்கிய கம்பி அறுந்து கிடந்தது. விளக்குச் சூட்டுக்காக எப்போதும் மேல்தட்டில் ஏறிப் படுக்கும் வீட்டுப் பூனை, இன்றும் முன்கால்களை மடக்கி அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. வெட்டிய இடம் பலகை மாதிரி மட்டமாக இருந்தது. இரத்தம் தட்டுத் தட்டாக வழிந்து சாடிகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

திலக்ஷன் பார்த்தான், வெளியே ஓடி வாந்தியெடுத்தான், திரும்பி வரும்போது பயமெல்லாம் கோபமாகியிருந்தது.

"இப்பவே கழட்டி ஒடைச்சு அடுப்புல வைக்கிறேன். நீ புள்ளய மீனம்மா வீட்டுல விட்டுட்டு, பூனையப் பொதைச்சிட்டு வா."

"நீங்க தொடாதீங்க. வாங்க, எல்லாருமே வெளிய போயிருவோம்."

"நம்ம வீட்ட விட்டு நம்மளே ஓடுறதா?"

அவள் பிள்ளையை மீனம்மாவிடம் விட்டாள், பூனையைச் சாக்கில் சுற்றித் தண்ணீர்க் கானோரம் புதைத்தாள். மண்வெட்டியோடு ஏறி வரும்போது பனி கீழிறங்கி லயத்தையே மூடியிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும் அவள் மூச்சும் தவிர எதுவும் கேட்கவில்லை. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நிலக்ஷியின் செருப்பு கிடந்தது. அப்பாவைத் தேடி ஓடி வந்துவிட்டாள்.

நறுக்.

ஜெயந்தினி மண்வெட்டியை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

பின்காம்பரா முழுக்க ஊதா. திலக்ஷன் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் இன்னும் சங்கிலியைப் பிடித்திருந்தன. தோளுக்கு மேலே அவன் இல்லை. சட்டை நனைந்து, ஸ்டூல் நனைந்து, சுவர் நனைந்து.

கம்பு சங்கிலியில் இல்லை. யாரோ இரண்டு கையால் ஏந்துவதுபோல் அந்தரத்தில் கிடையாக நின்றது. பட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. அதற்குக் கீழே, அதை அண்ணாந்து பார்த்தபடி, நிலக்ஷி.

"படு! நிலா, கவுந்து படு!"

பிள்ளை விழுந்தது. கம்பு இறங்கியது. தடுக்க நீட்டிய ஜெயந்தினியின் கையில் இரண்டு விரல் போனது. நறுக். வலி பிறகுதான் வந்தது. அவளும் தரையோடு தரையாக விழுந்தாள். கொண்டை போனது. நகர்ந்தாள், முழங்கை எழும்பியது, தோல் போனது. பிள்ளைக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழம். அசைய முடியவில்லை.

கம்பு மெதுவாக வந்து நிலக்ஷியின் முதுகில் படுத்தது. மட்டம் பார்த்தது. அப்படியே நின்றது.

பிள்ளை மூச்சை இழுத்தாள். கவுன் துணி கம்புக்கு மேலே உப்பியது.

நறுக். துணியில் வட்டமாக ஒரு துண்டு இல்லை. உள்ளே வெறும் முதுகு தெரிந்தது.

"மூச்சு விடாத கண்ணு," என்றாள் ஜெயந்தினி. "அம்மா சொல்றேன்ல. மூச்சு விடாத."

நிலக்ஷி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மாவையே பார்த்தாள். முகம் சிவந்தது. உதடு நடுங்கியது. ஐந்து வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் அடக்கும்?

கண் பெரிதானது. வாய் திறந்தது. சின்ன முதுகு மெல்ல, மெல்ல மேலே எழும்பியது.