ஒரு மணிக்குக் கை கொடுப்பவன்

போன் அலறியது!

கார் தொழிற்சாலையின் கதவு பொருத்தும் பிரிவில், ஒதீல் எடுத்தாள்.

"பார்த்துட்டே இல்ல?" கரகரத்த ஆண் குரல். "ஒரு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது வர்றேன். உனக்கும் கை குடுப்பேன். வாயைத் திறந்தே... அடுத்த பொணம் நீதான்!"

டக்! வைத்துவிட்டான்.

ஐயோ, அவள் எங்கே பார்த்தாள்? அரை மணிக்கு முன், உடை மாற்றும் அறையில் சக தொழிலாளி கீஃபர் ரத்தத்தில் கிடந்தான். கொன்றவனின் முதுகு மட்டும்தான் கண்ணில் பட்டது. நீலக் கோட்டு. அது இங்கே ஃபோர்மேன் முதல் பெருக்குகிறவர் வரை எண்ணூறு பேருக்கு இருக்கிறது!

"மேடம், நான் வீட்டுக்குப் போறேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு..."

கொலையை விசாரிக்க மஃப்டியில் வந்திருந்த போலீஸ் கேப்டன் வெர்னே அவள் தோளை அழுத்தினாள்.

"போனா வீட்டுக்கே வருவான். கேளு... கைப்பிடி இல்லாத தகட்டுத் துண்டால குத்தியிருக்கான். அவன் உள்ளங்கையும் கிழிஞ்சிருக்கும். நமக்கு மட்டும்தான் இது தெரியும். எல்லாருக்கும் கை குடு. எவன் மறைக்கிறானோ, அவன்தான்!"

ஒரு மணி. சைரன்!

இந்தப் பிரெஞ்சு எல்லையோர ஊரில் இழவு விழுந்தாலும் கை குலுக்காமல் ஷிஃப்ட் மாறாது. வேலை முடித்த அழுக்குக் கைக்காரன் மணிக்கட்டை நீட்டுவான். அதைப் பிடித்துக் குலுக்க வேண்டும். உள்ளே வருகிறவனுக்கோ கை சுத்தம். முழுக்கையும் கொடுத்தே ஆக வேண்டும்.

கொலை விஷயம் தெரியாமல் வந்தார்கள்.

"என்ன ஒதீல், பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"கை ஐஸா இருக்கே! உன் புருஷன் பாவம்!"

பத்து... இருபது... நாற்பது கைகள். ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு கையிலும் கீறல்கூட இல்லை!

"மேடம், அவன் வரவே இல்ல..." அழுதே விட்டாள்.

"அழாதேம்மா." ஃபோர்மேன் அர்மாண்ட் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். "நானே கார்ல கொண்டுபோய் விடறேன். வா."

அப்பாடா! கையை நீட்டினாள்.

அவர் மணிக்கட்டை நீட்டினார். "கையெல்லாம் கிரீஸ்மா."

பழக்கதோஷம்! பிடித்துக் குலுக்கியும் விட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. காலையிலிருந்து காகிதத்தைத் தவிர எதையும் தொடாத மனுஷனுக்குக் கிரீஸ் ஏது?

அவள் பிடியை விடவில்லை!

"விடுடி!" குரல் கரகரத்தது. போனில் வந்த அதே குரல்!

வெர்னே அவர் விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் நீளமாய், சிவப்பாய் வெட்டு.

"எஞ்சினை பாலம் தாண்டி ஜெர்மனிக்குக் கடத்தறதை மேலிடத்துல சொல்லிடுவேன்னு கீஃபர் மிரட்டினான்... வேற வழியில்ல!"

"மீதியை ஸ்டேஷன்ல சொல்லுங்க." வெர்னே விலங்கை எடுத்தாள். "இன்னொரு மணிக்கட்டையும் நீட்டுங்க சார்... பாதி மரியாதை எனக்குப் பிடிக்காது!"